குடிகளா, பயனாளிகளா?

குடி என்னும் தமிழ்ச்சொல் வீட்டையும் குறிக்கும். வீட்டில் வாழ்வாரையும் குறிக்கும். அவர்கள் கூடியமைந்த நாட்டு மக்களையும் குறிக்கும். வாழிடத்தைப் பறித்துவிட்டால் குடிமை என்பது வெறும் ஏட்டுச்சொல்லே என்பதை இம்முப்பொருளும் உணர்த்தும். ஆனால், இன்றைய ஆட்சியாளரின் பதிவேடுகளில் குடியைக் காணோம், 'பயனாளி'யே இருக்கிறான். குடி உரிமை கேட்பான். பயனாளியோ கொடுத்ததைப் பெற்றுக்கொண்டு வாய்மூடியிருத்தல் வேண்டும்!

இவ்விழிநிலை எவ்வாறு நேர்ந்தது என்பதைச் சென்னையின் தென்புறத்தே கண்கூடாகக் காணலாம். 1970இல் குடிசை மாற்று வாரியம் தோன்றியது; 1971இல் அதற்கெனச் சட்டமும் வந்தது. குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குவீடு கட்டித் தருதல் என்பதே அன்றைய கொள்கை. அதிற் குறைகள் பல இருந்திருக்கலாம். ஆயினும், நகரை உழைத்து வளர்ப்பவன் நகரிலேயே வாழவேண்டியவன் என்னும் ஒப்புதல் அதில் இருந்தது. 2000ஆம் ஆண்டில் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் எழுந்தபின் அவ்வொப்புதல் தேய்ந்தது. அடுத்துச் செம்மஞ்சேரி, அதற்கடுத்துப் பெரும்பாக்கம். பெரும்பாக்கத்தில் மட்டும் 20,000க்கும் மேற்பட்ட வீடுகள்! 2015 திசம்பர் வெள்ளத்தைக் காட்டி ஆற்றங்கரை மக்கள் அகற்றப்பட்டனர். அவர்களைக் கொண்டுபோய் விட்ட இடமோ பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் அருகு! வெள்ளத்தினின்று காக்கும் முறை இதுதானா?

ஆற்றோரப் புறம்போக்கில் குடிசையிட்ட ஏழையை 'ஆக்கிரமிப்பாளன்' என்று வடசொல்லால் வசைபாடுகின்றனர். ஏரியையும் சதுப்பையும் தூர்த்து மாளிகை எழுப்பினார்க்கு அச்சொல் ஏன் பொருந்துவதில்லை?

நகரில் இருந்தவரை இம்மக்கள் சென்னை மாநகராட்சியின் வாக்காளர்கள். பெரும்பாக்கத்திலோ ஒரு சிற்றூராட்சியின் மக்களாயினர். 2021 நவம்பரில் 5 நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி அமைக்கப்பட்டபொழுது, பெரும்பாக்கம் அதில் சேர்க்கப்படவில்லை. ஆனால், 2022 சனவரியில் தாம்பரம் காவல் ஆணையரகம் தொடங்கப்பட்டபொழுதோ, பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் கண்ணகி நகரும் தவறாமல் அதன் எல்லைக்குள் வந்துவிட்டன! மாநகராட்சியின் கை எட்டாத இடத்திற்கு மாநகரக் காவலரின் கை மட்டும் எட்டிற்று. 2021இல் வாரியத்தின் பெயரும் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என மாறியது. வாழ்விடத்தினின்று பெயர்ப்பதற்கு வாழ்விட மேம்பாடு என்று பெயர்!

இக்கொடுமை தமிழனுக்குப் புதிதன்று. 1981இல் மும்பை நடைபாதைக் குடில்கள் இடிக்கப்பட்டபொழுது, சேலத்தினின்று பிழைக்கச் சென்ற நிலமற்ற தமிழ்த்தொழிலாளி ஒருவர் குடும்பத்தோடு பேருந்திலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார். அவரும் ஒருவராய்த் தொடுத்த வழக்கில், பிழைப்புரிமை உயிர்வாழும் உரிமையின் கூறே என்று 1985இல் உச்சமுறைமன்றம் தீர்ப்புரைத்தது. எனினும், முன்னறிவிப்புக் கொடுத்து அகற்றுதற்குத் தடைசெய்யவில்லை. மராட்டிய ஆட்சி தமிழனை வண்டியிலேற்றியது கொடுமையெனில், தமிழ்நாட்டு ஆட்சியே தமிழனை வண்டியிலேற்றுவதற்கு என்ன பெயர்?

தமிழுணர்வாளரும் இங்குத் தம் நெஞ்சைத் தாமே கேட்டுக்கொள்ளல் வேண்டும். 2001 இறுதியில் கடற்கரையினின்று கண்ணகி சிலை அகற்றப்பட்டபொழுது தமிழுள்ளங்கள் கொதித்தன. 2006இல் சிலை மீண்டும் நிறுவப்பட்டது. கொதித்தது சரியே! ஆனால், அக்கண்ணகி பெயரால் அமைந்த குடியிருப்பிற்குத் துரத்தப்பட்ட உயிருள்ள தமிழர்க்காக அதே கொதிப்பு எழுந்ததா? வேற்றூரிலிருந்து வந்த ஒருத்தி அரசன் வாயிலிலேயே நின்று முறை கேட்டாள் என்பதன்றோ கண்ணகியின் பெருமை! அவள் பெயரைச் சூட்டியே, முறைகேட்க முடியாத தொலைவிற்கு மக்களைத் தள்ளியிருக்கின்றனர்.

அகற்றுவதானால் அருகிலேயே வீடு. முன்னரே குடியமர்த்தப்பட்டார்க்கு முழுமையான நகராட்சி உரிமை. எங்கு வாழ்வது என்பதில் அம்மக்களின் இசைவு. இவை ஈகையல்ல, குடிமை. சிலை தன் இடத்திற்குத் திரும்பிவிட்டது. மக்கள் இன்னும் திரும்பவில்லை!