காற்று போகும் வழியைப் பார்த்துவிட்டு உரிமம் கொடுங்கள்

தமிழ்நாடு உணவுப் பாதுகாப்பு ஆணையர் அவர்களுக்கு,

ஓட்டல் சமையல்கட்டுகளுக்கு, அடுப்பின் மேல் புகையை இழுக்கும் ஹூடும் அதை வெளியேற்றும் டக்டும் செய்து மாட்டும் தொழிலில் இருப்பவன் எழுதுகிறேன். எங்களிடம் வருகிற முதலாளிகள் முதலில் கேட்பது, "புளோயர் எத்தனை எச்.பி.?" அடுத்தது விலை. தோசைக்கல்லிலிருந்து கிளம்பும் சூடு ஹூடுக்குள்தான் போகிறதா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் காட்ட முடியாது. சூடான காற்று கண்ணுக்குத் தெரியாது. எண்ணெய் புகைந்தால்தான் தெரியும். அதற்குள் பாதி சமையல் மாஸ்டரின் நெஞ்சுக்குள் போயிருக்கும். உயர் வெப்பத்தில் பொரிக்கும்போது எழும் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் (2-ஏ) உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருப்பது தாங்கள் அறிந்ததே.

ஆனால் அந்தச் சூடான காற்றைப் பார்க்க வழி இருக்கிறது. 1860களில் ஜெர்மனியின் ஆகஸ்ட் டோப்ளர் உருவாக்கிய 'ஷ்லீரன்' முறை அது. சூடேறிய காற்றின் அடர்த்தி குறைவு. அதன் வழியே போகும் ஒளி இம்மியளவு வளையும். புள்ளி விளக்கொன்றின் ஒளியைப் பெரிய குழியாடியில் பட்டுத் திரும்பவிட்டு, அது குவியும் இடத்தில் கத்திமுனை ஒன்றை வைத்தால், வளைந்த கதிர்களில் சில தடுக்கப்படும், சில தப்பும். அடுப்புச் சூடு வெளிச்சமும் நிழலுமாகச் சுருண்டு எழுவதைக் கேமராவில் பார்க்கலாம். எர்ன்ஸ்ட் மாக் 1887இல் வெளியிட்ட துப்பாக்கிக் குண்டின் அதிர்வலைப் படங்களும் இதே வித்தையில் எடுத்தவைதான்.

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து உட் டேலில் உள்ள ஆய்வகம் ஒன்று, கலிஃபோர்னியா எரிசக்தி ஆணையத்துக்காக 2000களின் தொடக்கத்தில் உண்மையான அடுப்புகளையும் ஹூடுகளையும் வைத்து இப்படிப் பார்த்தது. அதில் தெரிந்தது இது: ஹூடின் விளிம்பை ஒட்டிப் புதுக்காற்றை ஊதினால் அதுவே சூட்டை வெளியே தள்ளுகிறது. அருகில் கூரையிலிருந்து நான்கு பக்கமும் வீசும் ஏ.சி. துவாரமும் அப்படித்தான். பக்கவாட்டில் வெறும் தகடு அடைத்தாலே குறைந்த இழுவை போதுமாகிறது. இழுவையை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தாலும் புளோயருக்கான மின்சாரம் ஏறக்குறையப் பாதியாகும். பெரிய மோட்டார் விற்பவர்களுக்கு இது பிடிக்காத கணக்கு.

ஹூடின் இழுவை விளிம்பைத் தாண்டி ஓரடி போனாலே பெரும்பாலும் செத்துவிடும். சூடு தானாக மேலேறி வந்தால்தான் ஹூட் அதைப் பிடிக்கும். அது மெல்ல ஏறும் காற்று. பக்கத்திலிருந்து லேசாக ஊதினாலும் சாய்ந்துவிடும். நம் ஊரில் என்ன செய்கிறோம்? பரோட்டாக் கல்லை வாசலிலேயே, தெருக்காற்று படும்படி வைக்கிறோம். உள்ளே மாஸ்டருக்குப் பக்கத்தில் பெடஸ்டல் ஃபேன். வேர்த்துக் கொட்டுகிறவரிடம் அதை அணைக்கச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஹூடுக்குப் போகவேண்டிய சூட்டை அந்த ஃபேன்தான் அடுத்த மேடையில் காய் நறுக்குகிறவர் முகத்தில் அடிக்கிறது. இட்லிக் கொப்பரையைத் திறக்கும் அந்த ஒரு நொடியில் பொங்கும் ஆவியை எந்த எச்.பி. கணக்கும் சேர்ப்பதில்லை.

உணவுத் தொழில் உரிமத்துக்கான 2011 ஒழுங்குமுறையின் நான்காம் அட்டவணை, அசுத்தமான பகுதியிலிருந்து சுத்தமான பகுதிக்குக் காற்று போகக்கூடாது என்கிறது. நல்ல விதி. காற்று எங்கே போகிறது என்று பார்க்காமல் அதை எப்படிச் சரிபார்ப்பது? ஃபேன் சுற்றுகிறதா என்று பார்ப்பதோடு சோதனை முடிந்துவிடக்கூடாது.

ஷ்லீரன் முறைக்கு வேண்டிய பெரிய ஆடி விலை அதிகம்தான். அது இல்லாமலும் முடியும். அடுப்புக்குப் பின்னால் புள்ளிகள் அச்சிட்ட பலகையை வைத்து, அடுப்பு எரியாதபோதும் எரியும்போதும் படமெடுத்து, புள்ளிகள் எவ்வளவு நகர்ந்தன என்று கணினியில் ஒப்பிட்டால் சூட்டின் ஓட்டம் தெரியும். இது வெப்பத்தைக் காட்டுமே தவிர எண்ணெய்த் துகளை அளக்காது. அதற்கு வேறு கருவி வேண்டும்.

எங்கள் கோரிக்கை இதுதான். பொறியியல் கல்லூரி ஒன்றின் துணையோடு தோசை, பரோட்டா, பிரியாணி, வடை என நம் அடுப்புகளை இப்படிப் படமெடுத்து, உணவுப் பாதுகாப்பு அலுவலர்களின் பயிற்சியில் காட்டச் சொல்லுங்கள். ஆய்வுப் படிவத்தில் ஒரு வரி சேருங்கள்: எல்லா அடுப்பும் எரிகையில் ஹூடின் விளிம்பில் பிடித்த ஊதுபத்திப் புகை உள்ளே போகிறதா, வெளியே வழிகிறதா? அந்தச் சோதனையின்போது பெடஸ்டல் ஃபேன் ஓடட்டும். அதை அணைத்துவிட்டுப் பார்த்தால், நான் மாட்டியது உட்பட எல்லா ஹூடும் தேறிவிடும்.

இப்படிக்கு,
ஹூட் அடிக்கும் தொழிலாளி ஒருவன்