செத்தவர் ஓட்டும் கார்

பேயும் பிசாசும் இல்லையென்று நாம் தொண்டை கிழியக் கூறிவர, சயன்ஸ் வளர்ந்த மேல்நாட்டிலேயே மோட்டார் கார் வியாபாரத்திற்காகச் செத்தவர்களை டெலிவிஷனில் எழுப்பிவிடுகிறார்களென்றால் இதை என்னவென்று சொல்லுவது?

ஸ்டீவ் மெக்குயீன் என்ற அமெரிக்க சினிமா நடிகர் 1980-ம் வருஷத்தில் இறந்துபோனார். ஆனால் 1997-ல் போர்டு கம்பெனியார் பூமா என்னும் புதுக் காரை ஐரோப்பாவில் விற்க முன்வந்தபோது, அதை சான்பிரான்சிஸ்கோ வீதிகளில் ஓட்டிக் காட்டியவர் அந்த மெக்குயீனே யாவார்! 1968-ல் வெளியான "புல்லிட்" படத்திலிருந்து அவர் உருவத்தை எடுத்து, அவர் கண்ணாலும் கண்டிராத காருக்குள் கம்ப்யூட்டர் உதவியால் உட்காரவைத்துவிட்டார்கள். அது போதாதென்று 2004-ல் மக்காச்சோளக் கொல்லைக்குள்ளிருந்து மறுபடியும் அவரை வரவழைத்து மஸ்டாங் காரில் ஏற்றினார்கள். 2010-ல் சிட்ரோயன் கம்பெனியாரோ, 1980-ல் சுட்டுக் கொல்லப்பட்ட பாட்டுக்காரர் ஜான் லென்னனைக் கொண்டு, பழமையை நினைத்து ஏங்குவதெதற்கு என்று உபதேசம் செய்வித்தார்கள். பழமை வேண்டாமென்று சொல்லவும் ஒரு பிரேதந்தான் அகப்பட்டது போலும்!

திதியன்று பாட்டன் வந்து பிண்டம் உண்டு போகிறானென்று சொல்லி அரிசியும் காயும் கட்டிக்கொண்டு போகும் புரோகிதனுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசமென்று கேட்கின்றோம். அவன் அரைப்படி அரிசியோடு விட்டுவிடுவான். இவர்கள் பல வருஷத்துச் சம்பாத்தியத்தையே கேட்கிறார்கள். "புல்லிட்" படத்தை இருபது வயதில் பார்த்தவனுக்கு 1997-ல் ஏறக்குறைய ஐம்பது வயது. கையில் பணமும் இருக்கும். அவன் காருக்கென்று கொடுக்கும் பணத்தில் போன வாலிபத்திற்கும் ஒரு விலை சேர்ந்திருக்கிறது. இதில் வேடிக்கை யென்னவென்றால், அப்படத்திலேயே ஆபத்தான ஓட்டங்களில் பலவற்றை மெக்குயீனுக்குப் பதிலாய் ஓட்டியவர் பட் எக்கின்ஸ் என்னும் வேறொருவர். ஆகவே அந்த வீரத்திலும் ஒரு பங்கு இரவல்!

இது சட்ட விரோதமுமல்ல. சினிமா முதலாளிகளின் ராஜ்யமாகிய கலிபோர்னியாவில், செத்தவரின் பேரையும் முகத்தையும் விளம்பரத்திற்கு விட்டுப் பணம் வாங்கும் பாத்தியதை வாரிசுகளுக்கு 1985 முதல் 50 வருஷத்திற்குக் கொடுக்கப்பட்டு, 1999-ல் அது 70 வருஷமாக நீட்டப்பட்டது. வாரிசு கையெழுத்துப் போடலாம். கார் நல்லதென்று செத்தவர் எப்படிச் சாட்சி சொல்லுவார்?

இத்தனைக்கும் பூமா மோசமான வண்டியல்ல. பியஸ்டா என்னும் சிறு காரின் அடிப்பாகத்தின்மேல் கட்டி, யமாஹா கம்பெனியாருடன் சேர்ந்து செய்த 1.7 லிட்டர் என்ஜினை வைத்து, வளைவுகளில் நன்றாய்த் திரும்புகிறதென்று ஓட்டிப் பார்த்தவர்கள் மெச்சிய வண்டியே. அதைச் சொல்லி விற்றிருக்க முடியாதா? அதைச் செய்த தொழிலாளிகள் ஜெர்மனியில் கொலோன் நகரத் தொழிற்சாலையில் உயிரோடுதானே இருந்தார்கள்? அவர்களில் ஒருவரையாவது டெலிவிஷனில் நிறுத்திப் பேசச் சொல்லக் கூடாதா?