காணோம்னா போயிருச்சுன்னு அர்த்தமில்லை!

போன ஞாயிற்றுக்கிழமை காலை. கம்பத்தில் எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் பிடித்து ஓய்கிற நேரம். அடுத்த வீட்டுத் தங்கச்சி, கையில் ஒரு பென் டிரைவோடு வந்து நின்றார். பின்னாலேயே மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவர் மகன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான்.

"அண்ணே, அப்பா பேசுனது இதுலதான் இருக்கு. சொருகுனா ஒண்ணுமே வர மாட்டேங்குது. கடையில காட்டுனோம். செத்துப்போச்சு, ஃபார்மட் போட்டாத்தான் வேலை செய்யும்னு சொல்லிட்டாங்க."

அவருடைய அப்பா திராட்சைத் தோட்டக்காரர். போன வருடம் தவறிவிட்டார். பேரன் காதுகுத்து விழாவில் மைக்கைப் பிடித்துப் பத்து நிமிடம் பேசியிருக்கிறார். கொடி கட்டிய கதை, மழை கெடுத்த கதை, கல்யாணம் செய்த கதை எல்லாம். அந்த வீடியோ இருந்த பழைய போன் தண்ணீரில் விழுந்து போய்விட்டது. மிச்சம் இருப்பது இந்த 16 ஜிபி பென் டிரைவ் மட்டும்தான். அடுத்த வாரம் வருஷத் திதி. சொந்தபந்தம் எல்லாரும் கூடும்போது போட்டுக் காட்ட வேண்டும் என்று ஆசை.

நான் பையனிடம் கேட்ட முதல் கேள்வி: "ஃபார்மட் போட்டியா மாப்ள?"

"இல்ல மாமா. அம்மா விடல."

"நல்லவேளை. உக்காரு."

அந்த மடிக்கணினியில் ஓடுவது லினக்ஸ் மின்ட். இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. நம் ஊர்ப்பக்கம் லினக்ஸ் வீட்டுக்குள் வந்து ரொம்ப நாளாகிறது. 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, பலவற்றில் விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. அது சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. மலையேறிக் குமுளிக்குப் போனால், அந்தப் பக்கம் கேரள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் படிப்பதே லினக்ஸ் கணினியில்தான். 2001-ல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்று ஆரம்பித்த திட்டம், 2017-ல் 'கைட்' என்ற அரசு நிறுவனமாகவே ஆகிவிட்டது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியதும், இருக்கிற பழைய மடிக்கணினியைத் தூக்கிப் போட மனமில்லாமல் லினக்ஸுக்கு மாறியவர்கள் எனக்குத் தெரிந்தே சிலர் உண்டு. இந்தப் பையனும் அப்படித்தான்.

அவர்கள் எல்லாரும் என்றாவது ஒரு நாள் கேட்கிற கேள்வி இது: "நேத்து வரைக்கும் சொருகினதும் தானா திறந்துச்சே, இன்னிக்கு ஏன் திறக்கல?"

மடை திறக்கவில்லை, அவ்வளவுதான்!

கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பெரியாறு அணையில் தண்ணீர் இருக்கிறது. வயலில் இல்லை. உடனே அணை வற்றிவிட்டது என்று யாராவது சொல்வோமா? ஷட்டர் திறக்கவில்லை, அல்லது வாய்க்காலில் எங்கோ அடைப்பு என்றுதானே பார்ப்போம்?

பென் டிரைவும் அப்படித்தான். நீங்கள் சொருகியதும் லினக்ஸில் மூன்று வேலை நடக்கிறது. முதலில், கெர்னல் என்கிற அடித்தள மென்பொருள் 'ஏதோ ஒரு சாதனம் வந்திருக்கிறது' என்று கண்டுகொள்கிறது. இரண்டாவதாக, அதற்குள் இருப்பது எந்த வகை ஃபைல் அமைப்பு என்று படித்துப் பார்க்கிறது. மூன்றாவதாக, அதை ஒரு ஃபோல்டரில் கொண்டுவந்து இணைக்கிறது. இந்தக் கடைசி வேலைக்குத்தான் 'மவுன்ட்' என்று பெயர். அது நடந்தால்தான் உங்கள் கண்ணுக்குப் படமும் பாட்டும் தெரியும்.

இந்த மூன்றில் எது நின்றாலும் திரையில் தெரிவது ஒன்றுதான்: ஒன்றுமே தெரியாது! கடைக்காரர் 'செத்துப்போச்சு' என்று சொல்வதும் அதைப் பார்த்துத்தான். ஆனால் மூன்றில் எது நின்றது என்று கணினியிடமே கேட்கலாம். கேட்டால் சொல்லும்.

நாங்கள் கேட்ட விதம்

முதலில் என்னுடைய பென் டிரைவ் ஒன்றை அதே மடிக்கணினியில் சொருகினேன். உடனே திறந்தது. அப்படியானால் மடிக்கணினியில் கோளாறு இல்லை. பிறகு தாத்தா டிரைவை வேறு யூ.எஸ்.பி. துளையில் மாற்றிச் சொருகினோம். ம்ஹூம்.

அடுத்து டெர்மினலைத் திறந்தோம். கருப்புத் திரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் எல், எஸ், பி, எல், கே என்று இடைவெளி விடாமல் தட்டி என்டர் கொடுத்தால் போதும். கணினியில் இருக்கிற டிஸ்க்குகளின் பட்டியல் வரும். இது வெறுமனே பார்க்கிற கட்டளை, எதையும் மாற்றாது. பென் டிரைவைச் சொருகும் முன்பு ஒரு தடவை, சொருகிய பின்பு ஒரு தடவை தட்டிப் பாருங்கள். இரண்டாவது தடவை கூடுதலாக வந்த வரிதான் உங்கள் டிரைவ்.

வந்தது! கிட்டத்தட்ட 15 ஜிபி என்று அளவும் காட்டியது. ('16 வாங்கினோமே, ஒண்ணு எங்க போச்சு?' என்று தங்கச்சி கேட்டார். திருட்டு ஒன்றுமில்லை. பென் டிரைவ் செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், கணினி 1,024 ஆக எண்ணுகிறது.) ஆனால் அந்த வரியின் கடைசியில், எந்த ஃபோல்டரில் இணைந்திருக்கிறது என்று காட்டுகிற இடம் காலி.

"பாத்தியாம்மா, அணையில தண்ணி இருக்கு" என்றேன். தங்கச்சி முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் தெளிவு வந்தது.

அடுத்து, லினக்ஸ் மின்ட்டிலும் உபுண்டுவிலும் இருக்கிற 'டிஸ்க்ஸ்' என்ற செயலியைத் திறந்தோம். இடது பக்கம் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால், படத்துக்குக் கீழே பாட்டு ஓட்டுகிற மாதிரி ஒரு முக்கோணப் பொத்தான் இருக்கும். அதுதான் கையால் மவுன்ட் செய்கிற பொத்தான். அமுக்கினால் ஒரு பிழைச் செய்தி. ஃபைல் அமைப்பு சரியில்லை என்கிற பொருளில் நீளமாக ஏதோ சொன்னது. கீழே வகை 'என்.டி.எஃப்.எஸ்.' என்று போட்டிருந்தது. அது விண்டோஸின் ஃபைல் அமைப்பு.

"மாப்ள, இதைக் கடைசியா எங்க சொருகுன?"

"ஜெராக்ஸ் கடையில மாமா. போட்டோ பிரின்ட் போட. அவசரத்துல அப்படியே உருவிட்டு வந்துட்டேன்."

விஷயம் அதுதான். எழுதிக்கொண்டிருக்கும்போதே உருவினால், 'வேலை முடியவில்லை' என்ற அடையாளம் டிரைவில் அப்படியே நின்றுவிடும். அந்த அடையாளத்தைப் பார்த்ததும், இப்போதைய லினக்ஸில் என்.டி.எஃப்.எஸ்.ஸைக் கையாளும் நிரல், 'இதில் கை வைத்தால் உள்ளே இருப்பது கெட்டுவிடலாம்' என்று மவுன்ட் செய்ய மறுத்துவிடும். நமக்கு அது கோளாறாகத் தெரிகிறது. உண்மையில் அது எச்சரிக்கை.

முதலில் நகல், பிறகு வைத்தியம்

இங்கேதான் அவசரப்படக் கூடாது. சரிசெய்கிறேன் பேர்வழி என்று இருக்கிற ஒரே பிரதியில் கை வைக்கக் கூடாது. அதே டிஸ்க்ஸ் செயலியில் பல்சக்கரப் பொத்தானை அமுக்கினால், அந்தப் பகுதியை அப்படியே படியெடுக்க 'கிரியேட் பார்ட்டிஷன் இமேஜ்' என்று ஒரு வசதி இருக்கிறது. ஃபைல் தெரிகிறதோ இல்லையோ, உள்ளே இருப்பதை அச்சு அசலாக மடிக்கணினியில் நகலெடுத்துவிடும். பென் டிரைவின் அளவுக்கு மடிக்கணினியில் காலி இடம் வேண்டும். இரண்டு டீ குடிக்கிற நேரம் ஆனது.

நகல் பத்திரமான பிறகு, அதே பல்சக்கரத்தில் 'ரிப்பேர் ஃபைல்சிஸ்டம்' கொடுத்தோம். முடிந்ததும் முக்கோணப் பொத்தானை அமுக்கினோம். ஃபோல்டர் திறந்தது. காதுகுத்து வீடியோ அதே பெயரில் இருந்தது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். லினக்ஸில் என்.டி.எஃப்.எஸ்.ஸுக்குச் செய்கிற இந்த ரிப்பேர் ஒரு முதலுதவிதான். முழு வைத்தியம் விண்டோஸ் கணினியில்தான் நடக்கும். அதனால் ஃபைல்களை வேறு இடத்தில் போட்டுக்கொண்டு, பிறகு டிரைவை ஒரு விண்டோஸ் கணினியில் கொடுத்துப் பிழை பார்க்கச் சொன்னேன்.

உங்கள் வீட்டில் இப்படி ஆனால்…

எல்லார் வீட்டிலும் காரணம் இதுவாகவே இருக்காது. வரிசையாகப் பாருங்கள்.

எந்தப் பென் டிரைவைச் சொருகினாலும் தானாகத் திறக்கவில்லை, ஆனால் டிஸ்க்ஸ் செயலியில் பொத்தானை அமுக்கினால் திறக்கிறது என்றால், பிரச்சினை அமைப்பில்தான். லினக்ஸ் மின்ட்டில் ஃபைல் மேனேஜரைத் திறந்து, எடிட், பிரிஃபரன்சஸ், பிஹேவியர் என்று போங்கள். சொருகியதும் தானாக மவுன்ட் செய்யச் சொல்கிற கட்டத்தில் டிக் இருக்கிறதா பாருங்கள். எக்ஸ்.எஃப்.சி.இ. திரை வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் 'ரிமூவபிள் டிரைவ்ஸ் அண்ட் மீடியா' பகுதியில் பாருங்கள்.

அப்டேட் போட்டுவிட்டு ரீஸ்டார்ட் செய்யாமல் ஓட்டிக்கொண்டிருந்தால், முதலில் ரீஸ்டார்ட் செய்யுங்கள். புதிய கெர்னல் வந்து உட்கார்ந்திருக்கும், பழையது ஓடிக்கொண்டிருக்கும். இந்தக் குழப்பத்திலும் சில சமயம் மவுன்ட் நிற்கும்.

புதிய 64 ஜிபி டிரைவோ மெமரி கார்டோ பழைய லினக்ஸில் திறக்கவில்லை என்றால், அது 'எக்ஸ்ஃபேட்' வகையாக இருக்கலாம். 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் பெரும்பாலும் இந்த வகையில்தான் வருகின்றன. மைக்ரோசாஃப்ட் இதன் விவரங்களை 2019-ல்தான் வெளியிட்டது. 2020-ல் வந்த 5.7 கெர்னலில் இருந்துதான் லினக்ஸ் இதை நன்றாகப் படிக்கிறது. அந்தக் காலத்து அரசு மடிக்கணினியில் பழைய லினக்ஸையே வைத்திருந்தால் அதற்கு இது புரியாத பாஷை. டிரைவின் மேல் தப்பில்லை. லினக்ஸைப் புதுப்பியுங்கள்.

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் இருந்தால், விண்டோஸை ஷட் டவுன் செய்யும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே செய்யுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் முழுதாக அணையாமல் அரைத் தூக்கத்தில் இருக்கும். அது விட்டு வைத்த டிஸ்க்கைத் தொட லினக்ஸ் தயங்கும்.

அலுவலகக் கணினியிலோ பள்ளிக் கணினியிலோ திறக்கவில்லை என்றால், வேண்டுமென்றே தடுத்து வைத்திருக்கலாம். அங்கே நம் கைவரிசை வேண்டாம். பொறுப்பாளரிடம் கேளுங்கள்.

எந்தக் கணினியில் சொருகினாலும் பட்டியலிலேயே வரவில்லை, அல்லது அளவு பூஜ்ஜியம் என்று காட்டுகிறது என்றால், அது உண்மையிலேயே உடம்புக்கு முடியாத டிரைவ். நகலெடுக்கும்போது நடுவில் படிக்க முடியவில்லை என்று பிழை வந்தாலும் அதே கதைதான். திரும்பத் திரும்பச் சொருகிப் பார்க்காதீர்கள். உள்ளே இருப்பது முக்கியம் என்றால், தகவல் மீட்புத் தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள். இந்த நிலையிலும் ஃபார்மட் வேண்டாம்.

உருவும் முன் ஒரு வார்த்தை

லினக்ஸ் ஒரு காரியம் செய்யும். நீங்கள் காப்பி செய்வதை வாங்கி முதலில் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, பிறகு நிதானமாகப் பென் டிரைவில் எழுதும். அதனால் திரையில் 'முடிந்தது' என்று வந்த பிறகும் டிரைவின் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். பஸ் நிற்கும் முன்பே குதிக்கிறவர்களைப் போல அப்போது உருவினால் அடிதான். ஃபைல் மேனேஜரில் டிரைவின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற 'எஜெக்ட்' அடையாளத்தை அமுக்கி, எடுக்கலாம் என்று செய்தி வரும்வரை பொறுங்கள். ஜெராக்ஸ் கடையில் பின்னால் நாலு பேர் நின்றாலும் பொறுங்கள்.

இன்னொன்று. பென் டிரைவ் என்பது எடுத்துப்போகிற பை. பீரோ இல்லை. திரும்ப எடுக்க முடியாத படம், குரல் எதுவானாலும் இரண்டு இடத்திலாவது இருக்கட்டும். அதில் ஒன்று வேறு வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது.

அந்த வீடியோவை அன்றைக்கே எங்கள் கூடத்தில் போட்டோம். மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கேக்குதா?" என்று அவர் ஆரம்பித்ததும் தங்கச்சி முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். பத்து நிமிடமும் யாரும் பேசவில்லை.

முடிந்ததும் பையன் டிரைவை உருவப் போனான். கை பாதியில் நின்றது. என்னைப் பார்த்தான். பிறகு எஜெக்ட் பொத்தானைத் தேடினான்.

இப்போது அந்தப் பேச்சு நாலு இடத்தில் இருக்கிறது. ஒன்று என் கணினியில்.