பிறந்த வீட்டுப் பெயர்

குடும்ப வரலாற்றைத் துருவுபவர்களுக்கு 16ஆம் நூற்றாண்டுப் பெண்கள் பெரிய தலைவலி. இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி என்று ஆவணங்களில் தலைகாட்டுவார்கள்; பிறகு காணாமல் போவார்கள். ஸ்காட்லாந்தில் ஒரு சௌகரியம். இங்கிலாந்தைப் போலன்றி, அங்கே மணமான பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரை விடவில்லை.

எஸ்தர் இங்கிலிஸ் இதற்கு நல்ல உதாரணம். அச்செழுத்தோடு போட்டி போடும் கையெழுத்து அவருடையது. உள்ளங்கையில் அடங்கும் புத்தகங்களை எழுதி, பூக்கள் வரைந்து, முதலாம் எலிசபெத் அரசிக்கும் இளவரசர் ஹென்றிக்கும் காணிக்கையாக்கினார். அவரது பிரதிகளில் சுமார் 60 எஞ்சியுள்ளன.

பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் வேர் பிரான்சில் இருக்கிறது. தந்தை நிக்கோலா லாங்லுவா, மதக் கொடுமைக்குத் தப்பிவந்த புரொட்டஸ்டன்ட். லாங்லுவா என்றால் ஆங்கிலேயர். அதன் ஸ்காட்லாந்து வடிவமே இங்கிலிஸ். அவர் எடின்பரோவில் பிரெஞ்சுப் பள்ளி நடத்தினார். மகளுக்கு எழுத்துக் கலையைக் கற்றுத்தந்தவர் தாய் மரி ப்ரெசோ.

புகுந்த வீட்டுக் கதை பயங்கரமானது. கணவர் பார்த்தலோமியூ கெல்லோவின் தந்தை ஜான் கெல்லோ, ஸ்பாட் என்ற ஊரின் பாதிரியார். 1570இல் மனைவி மார்கரெட் தாம்சனைக் கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டு, நேரே பிரசங்கம் செய்யப் போனார். அடுத்த மாதமே எடின்பரோவில் தூக்கிலிடப்பட்டார்.

அந்த அவமானத்தால்தான் எஸ்தர் கெல்லோ என்று கையெழுத்திடவில்லை என்று கதை கட்டத் தோன்றும். தேவையில்லை, ஊர் வழக்கமே அதுதான். மனைவியைப் புகழ்ந்து கணவர் எழுதிய செய்யுள்களும் அவரது பிரதிகளில் உள்ளன. சுவையான காரணத்தைத் தேடும் முன் சாதாரண வழக்கத்தை விசாரிப்பது நல்லது.

வழக்கம் உதவினாலும் ஆவணங்கள் கைவிடும். ஸ்காட்லாந்தின் மிகப் பழைய திருச்சபைப் பதிவேடு எர்ரல் ஊருடையது, 1553இல் தொடங்குகிறது. பிறப்பு, இறப்பை அரசு கட்டாயமாகப் பதிவு செய்யத் தொடங்கியது 1855இல்தான். இடைப்பட்ட காலத்துக்குத் திருச்சபை ஏடுகள், உயில்கள், நிலப் பத்திரங்களே கதி. ஞானஸ்நானக் குறிப்பில் தாயின் பெயர் விடுபடுவதும் உண்டு.

எஸ்தர் 1624 ஆகஸ்டில் கடனோடு இறந்தார். ஆனால் பல பிரதிகளில், இறகுப் பேனா பிடித்த தன் உருவத்தைத் தானே வரைந்து, பெயரையும் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் காலத்துப் பெண்களில் இப்படி முகமும் பெயரும் ஒருசேரக் கிடைப்பவர்கள் அபூர்வம்.