வீடு தந்தார்கள், காணி உறுதி எங்கே?

தோழர்களே,

லயத்தை விட்டு நாங்கள் புது வீடுகளுக்குக் குடிவந்து மூன்று வருஷமாகிறது. பழைய இடத்துக்கும் இதற்கும் அரைக் கட்டை தூரம்தான். ஆனாலும் சாமான் சட்டிகளைத் தூக்கிக்கொண்டு புறப்பட்ட அன்று எங்கள் அம்மாமார் அழுதார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, மழைக்கு ஒழுகும் தகரம், ஒரே பீலியில் முழு லயமும் வரிசை. இதை விட்டுப் போக என்ன அழுகை என்று பிள்ளைகள் கேட்டார்கள். பிள்ளைகளைத் தொட்டிலில் போட்டதும் பெரியவர்களைக் கடைசியாகக் கிடத்தியதும் அந்த இஸ்தோப்பில்தான். லயத்துக்குப் பின்னால் பெண்கள் வேலை முடிந்து வந்து கொத்திப் போட்ட போஞ்சிப் பாத்தியையும் அங்கேயே விட்டு வந்தோம். அதற்கு யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

நமக்கு இடம் மாறுவது புதிதல்ல. 1948இல் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் நம்மைத் தலை எண்ணிப் பங்கு போட்டது: 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே. அண்ணன் நீலகிரிக்கும் தம்பி தோட்டத்துக்குமாகக் குடும்பங்கள் பிரிந்தன. அங்கே போனவர்களைச் சிலோன்காரர் என்றார்கள். இங்கே இருந்த நம்மை இந்தியாக்காரர் என்றார்கள்.

அதனால்தான் இந்த 7 பேர்ச்சஸ் காணியை நாங்கள் சின்ன விஷயமாக எடுக்கவில்லை. வீடு இருக்கிறது, சுவரில் இலக்கம் இருக்கிறது, திறப்பு விழாப் படமும் இருக்கிறது. உறுதி மட்டும் கைக்கு வரவில்லை. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தோடு தோட்டங்கள் அரசுடைமை ஆயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. இன்று ஒரு கந்தோரில் கேட்டால் கம்பனி காணியை விடுவிக்க வேண்டும் என்கிறார்கள். மற்றக் கந்தோரில் கேட்டால் அது அரசாங்கக் காணி என்கிறார்கள். இரண்டு பக்கமும் அலைந்ததில் எங்களுக்குப் போனது ஒரு நாள் பேரும் பஸ் காசும்.

கூரை கிடைத்ததே, கடதாசிக்கு ஏன் சண்டை என்று நம்மவர்களே சிலர் கேட்கிறார்கள். உறுதி இல்லாமல் பேங்கில் கடன் கேட்க முடியாது. மகன் கலியாணம் கட்டினால் ஒரு அறை கூட்டிக் கட்டத் தோட்டத்து அனுமதி வேண்டும். பென்சன் எடுத்த பிறகு, பிள்ளைகள் கொழும்பில் வேலைக்குப் போன பிறகு, இந்த வீட்டில் நாங்கள் எந்த உரிமையில் இருக்கிறோம்? லயத்தில் இருந்த அதே பயம் ஓட்டுக் கூரைக்குக் கீழும் இருக்கிறது.

இன்னொன்று. உறுதி வரும்போது கணவன் பெயரில் மட்டும் வரக்கூடாது. மலையேறிக் கொழுந்து பறித்து இந்தக் குடும்பங்களைத் தாங்கியவர்கள் பெண்கள். இருவர் பெயரும் எழுதப்பட வேண்டும். இதில் எங்கள் ஆண் தோழர்கள் சிலருக்கு முகம் சுளிக்கிறது, சுளிக்கட்டும்.

வீடு கிடைத்த மற்றத் தோட்டத்துத் தோழர்களே, வீடு தந்தபோது கொடுத்த கடிதம், கையொப்பம் வைத்த பத்திரம் எதுவானாலும் பிரதி எடுத்து அடுத்த கிளைக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். தலைவரோடு மாதர் தலைவியும் கட்டாயம் வர வேண்டும். தோட்டம் தோட்டமாகத் தனித்தனியே கேட்டுப் பார்த்துவிட்டோம். இனி எல்லாப் பெயர்களையும் ஒரே மனுவில் போட்டுக் கேட்போம்.