விமானம் கட்ட ஆர்வம் மட்டும் போதுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்து ஞாயிற்றுக்கிழமை படியுங்கள்.

"எட்டாம் வகுப்பு படித்த கிராமத்து இளைஞர் சொந்தமாக விமானம் செய்து சாதனை" என்று ஒரு வீடியோ அடிக்கடி வாட்ஸ்அப்பில் வருகிறது. பின்னணியில் பாட்டு, தேசியக் கொடி, கீழே "தமிழன் என்றால் ஷேர் செய்" என்று ஒரு கட்டளை. எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் குழுவிலும் வருகிறது, எல்லோரும் கை தட்டும் பொம்மை போடுகிறார்கள். நான் போடுவதில்லை. அந்தப் பையன் பக்கத்தில் விவரம் தெரிந்த ஒரு ஆள் நிற்கிறாரா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

ஏன் என்று சொல்கிறேன்.

2021 ஆகஸ்டில் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில், பட்டறையில் இரும்பு வேலை பார்த்த 24 வயது இளைஞர் ஒருவர் தானே ஒரு ஹெலிகாப்டரைக் கட்டினார். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றவர். இணையத்தில் வீடியோ பார்த்துக் கற்றவர். ஒரு நாள் அதைத் தரையில் வைத்தே ஓட்டிச் சோதித்தபோது விசிறி உடைந்து அவர் தலையில் அடித்தது. உயிர் போய்விட்டது.

இன்னொருவர் கேரளாவின் தொடுபுழா பக்கத்தைச் சேர்ந்த சஜி தாமஸ். காது கேளாதவர், வாய் பேச இயலாதவர். அவருக்கும் பள்ளிப் படிப்பு பாதியோடு சரி. அவரும் சொந்தக் கையால் இரண்டு பேர் உட்காரும் சிறிய விமானம் ஒன்றைக் கட்டினார். 2014ல் அது நம் திருநெல்வேலிச் சீமையில், மணிமுத்தாறு பக்கம் பறந்தது. அவர் கதையை வைத்து 2017ல் பிருத்விராஜ் நடித்து 'விமானம்' என்று மலையாளப் படமே வந்தது.

இரண்டு பேரின் ஆர்வத்திலும் உழைப்பிலும் எனக்கு ஏற்றத்தாழ்வு தெரியவில்லை. படிப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். பெரிய வித்தியாசமாக எனக்குப் படுவது ஒன்று. சஜிக்கு எஸ்.கே.ஜே. நாயர் என்ற ஓய்வுபெற்ற விமானப்படை விங் கமாண்டரின் வழிகாட்டல் கிடைத்தது. விமானத்தை எடுத்துப் பறந்து காட்டியவரும் அவர்தான். யவத்மால் பையனுக்கு அப்படி ஒரு ஆள் வாய்க்கவில்லை. அவன் இறந்த பிறகும் செய்தி "மேதை" என்றுதான் எழுதப்பட்டது. மேதை என்று சொல்லிவிட்டால் நம் பொறுப்பு முடிந்துவிடுகிறது பாருங்கள்.

சரி, இதை எதற்கு ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைக்காரர்களிடம் சொல்கிறேன்? விஷயம் இருக்கிறது.

வீட்டில் விமானம் கட்டுவது என்பது உண்மையில் என்ன வேலை? பெரும்பகுதி அலுமினியத் தகட்டை அளந்து வெட்டுவது, துளை போடுவது, துளையின் பிசிறை எடுப்பது, ரிவெட் அடிப்பது. ஒரு சின்ன விமானத்துக்கே பத்தாயிரத்துக்கு மேல் ரிவெட் வேண்டியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. துளையின் மையம் தகட்டின் விளிம்பிலிருந்து ரிவெட் விட்டத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளி இருக்க வேண்டும். கிட்டே போனால் இழுவை வரும்போது தகடு கிழிந்துவிடும். அடிப்பதற்கு முன் ரிவெட்டின் கால் தகட்டுக்கு வெளியே விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அடித்த பின் அதன் தலை விட்டத்தில் பாதி உயரத்துக்கு அமுங்கி, ஒன்றரை மடங்கு அகலத்துக்கு விரிய வேண்டும். கோணலாகப் போனால் துளையைக் கெடுக்காமல் எடுத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும்.

இதைப் படிக்கும்போதே ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் லைனில் உட்கார்ந்தவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். அப்பர் தைக்கும்போது தையல் ஓரத்துக்கு மிகக் கிட்டே போனால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். லாஸ்ட்டில் ஏற்றி இழுத்தால் பிய்ந்துகொண்டு வரும். தோலாக இருந்தால் என்ன, அலுமினியமாக இருந்தால் என்ன, கணக்கு ஒன்றுதான்.

என்னிடம் படித்த ஒரு பெண் ஆம்பூரில் செக்கிங்கில் வேலை பார்க்கிறார். ஒரு ஜோடி கையில் எடுத்தால் ஐந்தாறு நொடியில் தையல் தாண்டியது, பசை வழிந்தது, இடதுக்கும் வலதுக்கும் நிறம் மாறியது எல்லாம் சொல்லிவிடுவார். "கண்ணு தானா போயிடும் சார்" என்பார். அந்தக் கண்ணுக்கு இந்த ஊரில் கிடைத்திருக்கும் பட்டம் "தோல் வேலை". அதைச் சொல்லும்போதே சிலர் முகம் சுளிப்பார்கள். அந்தச் சுளிப்பில் நாற்றம் எவ்வளவு, ஜாதி எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும்.

விமானம் கட்டும் தொழிலில் அந்தக் கண்ணுக்குத்தான் முதல் மரியாதை. அமெரிக்காவின் வான்ஸ் ஏர்கிராஃப்ட் என்ற கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கட்டுவதற்கான விமானப் பாகங்களை விற்பதில் பெரிய பெயர். அவர்கள் பாகங்களால் ஆன விமானங்கள் ஆயிரக்கணக்கில் பறக்கின்றன. லேசரால் போட்ட துளைகளின் ஓரத்தில் நுண்ணிய விரிசல் வருகிறது என்ற பிரச்சினை 2023ல் பெரிதாகக் கிளம்பியது. பாகங்களை மாற்றிக் கொடுக்க வேண்டிய நிலை. மற்ற நெருக்கடிகளும் சேர, அந்த ஆண்டு டிசம்பரில் கம்பெனி திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றத்துக்கே போனது. கம்பெனி கொடுத்த பாகம்தானே என்று விட்டுவிடாமல் துளையின் ஓரத்தை உற்றுப் பார்க்கிற கண் எவ்வளவு முக்கியம் என்று புரிகிறதா?

வரலாற்றையும் பார்ப்போம். ரைட் சகோதரர்கள் பறந்தது 1903ல். ஏழே வருடத்தில், 1910 மார்ச்சில், சென்னைப் பல்லாவரத்தில் ஒரு விமானம் பறந்தது. இந்தியாவிலேயே முதல் பறத்தல் அதுதான் என்று சொல்வோர் உண்டு. அலகாபாத்தில் விமானத்தில் தபால் கொண்டுபோன புகழ்பெற்ற சம்பவம்கூட 1911 பிப்ரவரியில்தான். பல்லாவரத்தில் பறந்தவர் ஜாக்கோமோ டி ஏஞ்செலிஸ், மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்தியவர். வடிவமைப்பு அவருடையது. கட்டிக் கொடுத்தது 1840 முதல் குதிரை வண்டி கட்டிப் பெயர் வாங்கிய சிம்சன் கம்பெனிப் பட்டறை. மரம் இழைத்தவர்கள், இரும்பு வளைத்தவர்கள், துணியும் தோலும் தைத்தவர்கள் உள்ள இடம். ஓட்டல்காரர் பெயர் நின்றது. கட்டிய கைகளின் பெயர் நிற்கவில்லை.

அந்தப் பல்லாவரத்துக்குப் பக்கத்தில்தான் குரோம்பேட்டை. குரோம் தோல் தொழிற்சாலையால் வந்த பெயர். அதே குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில்தான் 1950களில் அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தார். தோலும் விமானமும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருந்த ஊர் அது. வேலூர்ப் பக்கம் மட்டும் அது ஏன் கூடாது?

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். நம் பகுதியில் ஒரு அரசு ஐடிஐயோ பாலிடெக்னிக்கோ மாணவர்களை வைத்து ஒரு விமானத்தைக் கட்ட ஆரம்பிக்க வேண்டும்.

அமெரிக்கச் சட்டம் சொந்தமாக விமானம் கட்டுகிறவருக்கு அனுமதி கொடுக்கும்போது, பெரும்பகுதி வேலையை அவர் தன் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ செய்திருக்க வேண்டும் என்கிறது. "கல்வி" என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது. அங்கே உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு இருக்கை விமானம் கட்டிப் பறக்கவிட்டிருக்கிறார்கள். இங்கிலாந்திலும் பள்ளிகள் கட்டியிருக்கின்றன. ஒவ்வொரு கட்டமும் குறிப்பேட்டில் எழுதி, படம் எடுத்து வைக்கப்படும். கட்டி முடித்ததும் பயணியை ஏற்ற முடியாது. அமெரிக்காவில் முதல் 25 அல்லது 40 மணி நேரம், குறித்துக் கொடுத்த எல்லைக்குள் சோதனைப் பறத்தல்தான்.

நம் நாட்டில் இது எளிதல்ல. மும்பை விமானி அமோல் யாதவ் தன் வீட்டு மொட்டை மாடியில் கட்டிய ஆறு இருக்கை விமானத்தை 2016ல் 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் வைத்தார். அதற்குப் பறக்கும் அனுமதி கிடைத்தது 2019ல். அனுபவமுள்ள விமானிக்கே இந்தப் பாடு. அரசு ஒரு கல்வி நிறுவனத்தின் பின்னால் நின்றால்தான் கோப்பு நகரும்.

"கழிவறைக்கே கதவில்லாத பள்ளிக்கு விமானமா சார்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கதவும் போடச் சொல்லிக் கேட்போம், இதையும் கேட்போம். முழு விமானம் வேண்டாம், வால் பகுதியில் ஆரம்பிக்கலாம். வெளிநாட்டில் வீட்டில் கட்டுகிறவர்கள் பலரும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். அது பறக்காவிட்டாலும் பரவாயில்லை. வரைபடம் படிக்கவும், ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலத்தை மதிக்கவும், தப்பான துளையை மறைக்காமல் சொல்லவும் பிள்ளை கற்றுக்கொள்கிறது. தப்பை மறைக்காமல் சொல்லும் பழக்கத்தை எந்தப் பரீட்சையும் கற்றுத்தரவில்லை என்பது என் அனுபவம்.

பக்கத்தில் நிற்க ஆள் வேண்டுமே என்றால், இருக்கிறார்கள். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே அழைக்கிற மாவட்டம் இது. விமானப்படையில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி விமானத்தளம் 1992 முதல் இயங்குகிறது. அப்துல்லாபுரத்தில் ஓடுதளம் இருக்கிறது. இவர்களில் நாலு பேரை வாரத்தில் ஒரு நாள் பட்டறைக்கு அழைத்து, ஒரு மரியாதைத் தொகை கொடுத்து, பிள்ளைகள் பக்கத்தில் நிறுத்தினால் போதும்.

வேலைக்கும் வழி உண்டு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் விமானத் தொழில் பூங்கா இருக்கிறது. பாதுகாப்புத் தொழில் வழித்தடத்துக்குத் தமிழ்நாட்டில் ஐந்து மையங்கள் அறிவித்தார்கள்: சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி. வேலூர் அதில் இல்லை. சென்னைக்கும் ஓசூருக்கும் நடுவில் இருக்கிற நம்மைத் தாண்டித்தான் லாரி போகும். வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பதா என்பதுதான் கேள்வி.

நம் பிள்ளைகள் ஏற்கெனவே எதையாவது கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பழைய பைக் இன்ஜினை வைத்து, கேட்க ஆளில்லாமல், கொல்லைப்புறத்தில். அவர்களை வீடியோ எடுத்துப் போடுகிற ஊராக இருக்கப் போகிறோமா, "நில்லு தம்பி, இந்தத் துளையைக் காட்டு" என்று சொல்கிற ஊராக இருக்கப் போகிறோமா?

விமானப்படையிலோ கடற்படையிலோ விமானப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், ஷூ கம்பெனியில் பேட்டர்ன், கட்டிங், செக்கிங் வேலை தெரிந்தவர்கள், ஐடிஐ ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் கமெண்டில் ஊர் பெயரை மட்டும் எழுதுங்கள். பத்துப் பேர் சேர்ந்தால் மனு எழுதிக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத் திங்கட்கிழமைக் கூட்டத்துக்குப் போய்வரலாம். எழுதுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.