நம்ம பையன் யார்?

சகோதரிகளே, இந்தத் தடவை அடுப்படியை விட்டுக் கொஞ்சம் கிரிக்கெட் மைதானத்துக்குப் போவோமா? 'ஐயோ, அது ஆம்பிளைங்க சமாசாரமாச்சே!' என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். இது ஒரு தாயின் மனசைப் பற்றியதும்தான்.

கல்யாணமாகி நான் வந்து சேர்ந்த ஊர் இங்கிலாந்தில் வூஸ்டர். ஸெவர்ன் ஆற்றங்கரையில் மைதானம். அக்கரையில் பழங்காலத்துப் பெரிய தேவாலயம். ஆற்றில் வெள்ளம் வந்தால் மைதானமே ஏரியாகிவிடும். அங்கே பெண்களுக்கென்று ஒரு பழைய பெவிலியன் உண்டு; அதன் கேக்கும் டீயும் ஊரறிந்த சங்கதி. உண்மையைச் சொன்னால், முதலில் என்னை இழுத்தது கேக்குதான். ஆட்டம் பிடித்துப் போனது அப்புறம்!

கவுண்டி என்றால் நம்ம ஊர் ஜில்லா மாதிரி. மொத்தம் 18 கவுண்டி டீம்கள். ஓர் ஆட்டம் நாலு நாள் நடக்கும். எங்கள் வூஸ்டர்ஷயர் டீமில் பலர் சின்ன வயசிலிருந்தே இங்கே பழகி வளர்ந்தவர்கள். வருஷா வருஷம் பார்த்துப் பார்த்து, அந்தப் பையன்கள் எல்லாம் எனக்கும் 'நம்ம பையன்கள்' ஆகிவிட்டார்கள்.

2017 ஆகஸ்டில் ஒரு செய்தி. அஸ்வின் எங்கள் டீமுக்கு ஆட வருகிறாராம்! எங்க வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கு மட்டும் என்ன? என் பிறந்த வீடு சைதாப்பேட்டை. அவர் வளர்ந்தது மேற்கு மாம்பலம். ரயிலில் அடுத்த ஸ்டேஷன்! "நம்ம பையன் வர்றான்" என்று நானும் துள்ளினேன்.

எங்கள் சின்னவன் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அப்போது அவனுக்குப் பதிமூன்று வயசு. "அவர் வந்தா இங்கே இருக்கிற ஒருத்தர் வெளியே உட்காரணுமேம்மா?" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கோடையில்தான் அவனுடைய கிளப்பில் புதிதாக ஒரு கெட்டிக்காரப் பையன் வந்து சேர்ந்து, இவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இரண்டு வாரமாகச் சரியான சாப்பாடில்லை, பந்தையும் தொடவில்லை. அவன் சொன்னது நியாயம்தானே? பதினொரு பேருக்குத்தானே இடம்! வருகிறவர் சில வாரம் ஆடிவிட்டுப் போய்விடுவார். வருஷம் பூராவும் குளிரிலும் ஈரத்திலும் உழைத்த பையனின் அம்மாவுக்கு எப்படி இருக்கும்?

பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் இதைச் சொன்னேன். எண்பது தாண்டியவர், ஐம்பது வருஷமாக ஆட்டம் பார்ப்பவர். "டி'ஒலிவேராவும் வெளியிலிருந்து வந்தவர்தானே?" என்றார்.

பேஸில் டி'ஒலிவேரா தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். வெள்ளையர் அல்லாததால் சொந்த நாட்டு டீமில் அவருக்கு இடமில்லை. இங்கிலாந்துக்கு வந்து, 1964-ல் வூஸ்டர்ஷயரில் சேர்ந்தார். அவருக்குப் பின் மகன் டேமியன். அப்புறம் பேரன் பிரெட். மூன்று தலைமுறையும் இதே டீமில்! அன்றைக்கு வந்தவருடைய பேரன் இன்றைக்கு உள்ளூர்ப் பையன்.

அதைக் கேட்டதும் எனக்கே வெட்கமாகிவிட்டது. நானும் வந்தவள்தானே?

தயிர் சாதம் கட்டிக்கொண்டு எல்லோரும் ஆட்டத்துக்குப் போனோம். சின்னவன் முதலில் கைகூடத் தட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்க்கிறேன். அப்பாவின் பைனாகுலரைப் பிடுங்கி வைத்துக்கொண்டு அஸ்வினின் விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அன்று சாயங்காலம் வீட்டுக் கொல்லையில் தொம் தொம் என்று பந்து சுவரில் மோதும் சத்தம். எனக்கு அந்தச் சத்தமே போதும் என்றிருந்தது.

அஸ்வின் 4 ஆட்டம் ஆடினார்; 20 விக்கெட் எடுத்தார்; போய்விட்டார். டீம் இரண்டாம் டிவிஷனில் முதலாவதாக வந்து மேலே ஏறியது. ஆனால் அடுத்த வருஷமே, 2018-ல், கடைசி இடம் பிடித்துத் திரும்பவும் கீழே இறங்கியது. அதே வருஷம் 20 ஓவர்ப் போட்டியில் முதல் தடவையாகக் கோப்பையும் வாங்கியது! விருந்தாளி கொண்டு வந்த பலகாரம் எத்தனை நாளைக்கு? அப்புறம் நம்ம வீட்டு உலைதானே கொதிக்கணும்?

சின்னவனுக்குக் கிளப்பில் இடம் உடனே திரும்பக் கிடைக்கவில்லை. மறு வருஷம்தான் கிடைத்தது. அந்தப் புதுப் பையனும் இவனும் சேர்ந்தே பந்து போட்டார்கள். நான் இரண்டு பேருக்குமாகச் சேர்த்துத்தான் சாப்பாடு கட்டுவேன்.

இப்போதும் வெளியூரிலிருந்து பெரிய ஆட்டக்காரர் யாராவது வருகிறார் என்றால் எனக்குச் சந்தோஷம்தான். கூடவே, பெஞ்சில் உட்காரப் போகிற பையன் யாரென்றும் கண் தேடும். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், புதிதாக வந்தவனைக் குறை சொல்லாதீர்கள். உங்கள் பிள்ளையை அவனோடு ஒப்பிட்டும் பேசாதீர்கள். இரண்டு நாள் சும்மா விடுங்கள். பந்துச் சத்தம் தானே கேட்கும்.